புழுங்கலரிசியும் புழுங்கும் மனமும்

நம் தோட்டப்புறங்களில் ஒருவன் நாலு நாள் பிரட்டுக்கு வராமல், எவரோடும் பேசாமல், லயத்துத் திண்ணையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பானாயின், அவனைப் பற்றி மூன்று தீர்ப்புகள் உடனே வழங்கப்பட்டுவிடும். பேய் பிடித்திருக்கிறது என்பது ஒன்று. வேலைக்கள்ளன் என்பது மற்றொன்று. தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பப்பட வேண்டியவன் என்பது மூன்றாவது. ஈப்போவுக்கு அருகே 1911-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த மனநோய் மருத்துவமனையின் ஊர்ப்பெயர், நூறாண்டுக்கு மேலாக நம்மவர் வாயில் வசைச்சொல்லாகவே வழங்கி வருகிறது. அதற்குப் பின்னாளில் 'பஹாகியா', அதாவது இன்பம், என்று பெயர் மாற்றியும் வசை மாறவில்லை. பூசாரியும் கங்காணியும் வேடிக்கைக்காரரும் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகும், ஒருவரும் கேளாத கேள்வி ஒன்று மிஞ்சி நிற்கிறது. அந்த மனிதன் இத்தனை நாள் என்ன சாப்பிட்டான்?

மனச்சோர்வுக்கெல்லாம் உணவே காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. கடனும், பிரிவும், அவமானமும், பரம்பரையும், மூளையின் இயல்பும் சேர்ந்து உண்டாக்கும் நோய் அது. ஆனால் உணவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பதை உலகம் கண்டறிந்த வரலாற்றில் இந்த மலாயா நாட்டுக்கும், இங்கே வந்து உழைத்த தமிழனின் சோற்றுப் பானைக்கும் ஓர் இடம் இருக்கிறது. அதை நம்மவரில் பெரும்பாலோர் அறியார். அறியாததற்கு நம் பள்ளிக்கூடங்களும் ஒரு காரணம். இங்கிலீஷ்ப் பள்ளியில் படித்த நமக்கு எட்டாம் ஹென்றியின் மனைவியர் பெயர்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். கோலாலம்பூரில் நடந்த இந்தச் சங்கதியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டில் மலேரியாவுக்கு அடுத்தபடி மக்களை வாரிக்கொண்டு போனது பெரிபெரி என்னும் நோய். கால் மரத்துப் போகும்; வீங்கும்; நடை தள்ளாடும்; கடைசியில் இருதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் இதற்கு ஏராளமாகப் பலியாயினர். அதே வெயிலிலும் மழையிலும், அதே கொசுக்கடியிலும் கிடந்த தமிழரை மட்டும் இந்நோய் அவ்வளவாகத் தொடவில்லை. தமிழன் அப்போது வேறு எந்த விதத்திலும் சீனனைவிடச் சுகமாக வாழ்ந்தவன் அல்லன். ஆகவே வைத்தியர்களுக்கு இது விடுகதையாயிற்று.

நெகிரி செம்பிலானில் அரசு வைத்தியராயிருந்த டாக்டர் பிராடன் என்பவர் இதைக் கூர்ந்து கவனித்தார். சீனர் உண்டது சியாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டி வெள்ளை வெளேரென்று ஆக்கப்பட்ட அரிசி. கிராமத்து மலாய்க்காரர் உண்டது அன்றன்று உரலில் குத்திய அரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. அரிசியில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று 1907-இல் ஒரு பெரிய புத்தகமே எழுதினார். கெட்டுப்போன அரிசியில் ஏதோ நஞ்சு உண்டாகிறது என்று அவர் கருதியது தவறு. ஆனால் அவர் விரல் சுட்டிய பானை சரியான பானைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. நம் நாட்டில் பச்சரிசி சுத்தமென்றும் புழுங்கல் தீட்டென்றும் ஒரு பேதம் இருந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நைவேத்தியத்துக்குப் பச்சரிசி, ஏர் பிடித்தவனுக்குப் புழுங்கல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து நீரோடு கரைந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் அது முழுவதும் போய்விடுவதில்லை. உயர்ந்தோர் எட்டி நின்ற அரிசியே உயிர் காத்த அரிசியாயிற்று. சாஸ்திரம் ஒன்று சொல்ல, வயிறு வேறு சொன்னது.

பிராடன் சொன்னதைச் சோதித்துப் பார்த்தவர் கோலாலம்பூரில் இருந்த டாக்டர் பிளெட்சர். சோதித்த இடம், அங்கிருந்த பைத்தியக்கார ஆஸ்பத்திரி. 1905 டிசம்பரில் நோயாளிகளை உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களை ஒரு விடுதியிலும், இரட்டைப்படை எண் பெற்றவர்களை எதிர் விடுதியிலும் வைத்தார். முதற்சாராருக்குச் சியாம் பச்சரிசி, மற்றவர்களுக்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவெல்லாம் இருவருக்கும் ஒன்றே. ஓராண்டுக் காலம் இது நடந்தது. ஒருவேளை நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்கிறதோ என்று ஐயுற்று, பாதியாண்டு கழிந்ததும் இரு கூட்டத்தாரையும் விடுதி மாற்றியும் வைத்தார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை, அரிசியைப் பின்தொடர்ந்து சென்றது. பச்சரிசி உண்ட 120 பேரில் பலரைப் பெரிபெரி பற்றியது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில், வரும்போதே நோயோடு வந்த இருவரைத் தவிர எவருக்கும் அந்நோய் காணவில்லை; சாவும் இல்லை. 1907-இல் இலண்டன் 'லான்செட்' பத்திரிகையில் இது வெளியாயிற்று.

அந்தப் பதினெண்மரையும் எவரும் சம்மதம் கேட்கவில்லை. பைத்தியக்காரனிடம் சம்மதம் கேட்பது அக்காலத்தில் வழக்கமில்லை. அவர்கள் பெயரும் எங்கும் பேசப்படுவதில்லை. புத்தி பேதலித்தவர்கள் என்று ஒதுக்கி அடைக்கப்பட்டவர்கள் உண்ட சோற்றிலிருந்துதான் புத்தியுள்ள உலகம் ஒரு பாடம் கற்றது என்பதை, 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லிச் சிரிப்போர் ஒரு தடவையேனும் எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிச் சொல்வோம். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், டுரியான் திப்புஸ் காட்டில் சாலை போட்டுக்கொண்டிருந்த 300 ஜாவாத் தொழிலாளரிடையே இதே சோதனையை நடத்தி, தீட்டும்போது போகும் ஒரு பொருளின் குறைவே நோய்க்குக் காரணம் என்று 1909-இல் நிறுவினர். பத்தேவியாவில் டச்சு வைத்தியர் ஐக்மன் கோழிகளைக் கொண்டு இதற்கு முன்பே வழிகாட்டியிருந்தார். 1929-இல் நோபெல் பரிசு பெற்றார். 1912-இல் பங்க் என்பவர் 'வைட்டமின்' என்ற பெயரை ஆக்கினார். 1926-இல் ஜான்சனும் டோனத்தும் அதே பத்தேவியாவில் தவிட்டிலிருந்து பளிங்கு உருவில் அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். 1936-இல் அதன் அமைப்பைக் கண்டு செயற்கையாகச் செய்து காட்டியவர் அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ். அவர் பிறந்தது அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில். தயமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் வழங்குவது இதுவே.

காலையும் இருதயத்தையும் கெடுக்கும் குறைவு மனத்தையும் கெடுக்குமா? கெடுக்கும் என்பது 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் வெளிப்பட்டது. அங்கே சில பெண்களுக்கு, மற்றச் சத்துகள் எல்லாம் கொடுத்து, தயமினை மாத்திரம் குறைத்து உணவளித்தனர். அவர்கள் கால் வீங்கவில்லை. அதற்கு முன்பே சிடுசிடுப்பும், சண்டையும், பயமும், வேலையில் வெறுப்பும், காரணமற்ற துக்கமும் வந்தன. தயமினைத் திரும்பக் கொடுத்ததும் தெளிந்தனர். நரம்பும் மூளையும் சர்க்கரையை எரித்தே வேலை செய்கின்றன. அந்த அடுப்புக்குத் தயமின் ஒரு கருவி. கருவி இல்லாதபோது விறகு இருந்தும் அடுப்பு புகைகிறது. இந்தச் சோதனையும் மனநோய் மருத்துவமனை ஒன்றில்தான் நடந்தது!

நமக்குப் பக்கத்திலேயே மற்றொரு சான்று உண்டு. 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தபின் சாங்கி முகாமில் அடைபட்ட போர்க் கைதிகளுக்கு ஜப்பானியர் கொடுத்தது தீட்டிய அரிசி. சில வாரங்களில் பலர் கண் நிலைகுத்தாமல், நேற்று இன்று தெரியாமல், எதிலும் பற்றற்றுக் கிடக்கலாயினர். அங்கே கைதியாயிருந்த டாக்டர் டி வார்டனர் தம் தோழர் லெனாக்ஸுடன் சேர்ந்து, அத்தகைய 52 பேரின் நிலையை 1947-இல் எழுதி வெளியிட்டார். தயமின் ஊசி போட்டவுடன் பலர் தேறிய விவரமும் அதில் உண்டு. அதே ஆண்டுகளில் சியாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுப் பல்லாயிரம் தமிழர் மாண்டதும், தோட்டங்களில் எஞ்சியோர் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தாங்கியதும் நம் பாட்டன்மார் வாய்மொழியாக அறிந்ததே. மரவள்ளியில் மாவு உண்டு, தயமின் சொற்பம். 'ஜப்பான்காரன் காலத்தில் ஜனங்களுக்கு முகத்தில் சிரிப்பே செத்துப் போச்சு' என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். சிரிப்பு சாகக் காரணங்கள் வேறு ஆயிரம் இருந்தன. ஆனாலும் அந்தக் கிழங்கையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சாராயத்தையும் சேர்க்க வேண்டும். மது, குடலில் தயமின் ஏறுவதைத் தடுக்கிறது. சம்சு குடிப்பவன் சோற்றையும் குறைத்துக்கொள்கிறான். துக்கத்தை மறக்கக் குடிக்கிறேன் என்று சொல்பவன், துக்கத்துக்கு எதிராக மூளையிடம் இருக்கும் ஒரு கருவியைத்தான் முதலில் பறித்துக்கொள்கிறான். மதுவிலக்குப் பிரசங்கம் செய்வோர் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துவதைவிட இதைச் சொன்னால் பயன்படும் என்பது நம் கருத்து.

இனி இலைக்கு வருவோம். லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய வைத்தியப் பெண்மணி 1928-இல் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் இரத்தம் வற்றி மாண்டு கொண்டிருந்தனர். காரணம் தேடிய அவர், 1929-இல் சில மாதங்கள் நீலகிரியில், குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் ஆராய்ச்சி செய்தார். நம்மைப் போலத் தேயிலைச் சரிவுகளுக்கு இடையே உட்கார்ந்து எலிகளையும் குரங்குகளையும் வைத்து அவர் தேடிய பொருள், ஈரலிலும் மார்மைட் என்னும் மலிவான ஈஸ்ட் பசையிலும் இருந்தது. ஒரு கரண்டிப் பசை கொடுத்தால் சாகக் கிடந்தவள் எழுந்தாள். பத்தாண்டு கழித்து, 1941-இல், அமெரிக்காவில் நான்கு டன் பசலைக் கீரையைக் கசக்கிப் பிழிந்து அப்பொருளை எடுத்தவர்கள், இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக்கொண்டு அதற்கு 'போலிக் அமிலம்' என்று பெயரிட்டார்கள். கீரை அமிலம் என்று நாம் சொல்லலாம்.

இதற்கும் மனத்துக்கும் உள்ள தொடர்பைத் தம் உடம்பிலேயே பார்த்தவர் விக்டர் ஹெர்பர்ட் என்னும் அமெரிக்க வைத்தியர். 1961-இல் அவர் தம் உணவை மூன்று தடவை நீரில் வேகவைத்து, ஒவ்வொரு தடவையும் நீரைக் கொட்டிவிட்டு, சத்து நீங்கிய சக்கையை மாதக்கணக்கில் உண்டார். நான்காம் மாதம் தூக்கம் போயிற்று, மறதி வந்தது, சிடுசிடுப்பு மிகுந்தது. இரத்தம் வற்றியது அதன் பிறகே. போலிக் அமிலம் உட்கொண்ட இரண்டு நாட்களுக்குள் மனம் தெளிந்தது. நம் வீடுகளில் கீரையைக் கொதிக்க வைத்து நீரைச் சாக்கடையில் ஊற்றும் பெண்மணிகள் இதைப் படித்தால் நலம். படிக்காதவருக்கு வீட்டு ஆடவர் படித்துக் காட்டினாலும் நலம்.

ஆனால் வரலாறு நாம் விரும்பியபடியே நடந்துவிடுவதில்லை. 2000-இல் இங்கிலாந்தில் 127 சோர்வு நோயாளிகளுக்கு மருந்தோடு போலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தபோது பெண்களுக்கு நல்ல பலன் தெரிந்தது. 2014-இல் வேல்ஸ் நாட்டில் 475 பேரிடம் பார்த்தபோது எவ்விதப் பலனும் தெரியவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. குறைவு உள்ளவனுக்குக் கொடுத்தால் நிறையும். நிறைந்தவனுக்கு மேலும் ஊற்றினால் வழியும். எனவே குறைவு யாருக்கு என்பதே கேள்வி.

யாருக்கு என்பது நமக்குத் தெரியும். எல்லாருக்கும் பரிமாறிவிட்டுச் சட்டியில் ஒட்டியதை வழித்துத் தின்பவள் எவளோ, அவளுக்கு. நம் தோட்டத்திலேயே கண்டது ஒன்று. பிள்ளை பெற்ற ஒருத்தி, இரண்டு மாதம் பிள்ளையைத் தூக்காமல், இரவெல்லாம் விழித்து, பகலெல்லாம் அழுதுகொண்டிருந்தாள். பத்தியம் என்ற பெயரால் கீரை ஆகாது, காய் ஆகாது, பருப்பு ஆகாது, குளிர்ச்சி, வாயு என்று சொல்லி, ரசமும் சுட்ட கருவாடுமே கொடுத்து வந்தார்கள். அவள் மாமியார் கெட்டவரல்லர். தமக்கு அவர் மாமியார் செய்ததையே செய்தார். பிறகு பூசாரி வந்தார்; வேப்பிலை வந்தது; கயிறு கட்டப்பட்டது; ஒரு மாதச் சம்பளம் போயிற்று. கடைசியில் அவள் அண்ணன் டவுனிலிருந்து வந்து, 'இவளைப் பேய் பிடிக்கவில்லை, நீங்கள்தான் பிடித்து வைத்திருக்கிறீர்கள்' என்று சத்தம் போட்டு அரசாங்க மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். இரத்தம் மிகக் குறைந்திருந்தது. இரும்பு, போலிக் அமில மாத்திரைகளோடு சோர்வுக்கான மருந்தும் கொடுத்தார்கள். வாரந்தோறும் கூப்பிட்டுப் பேசினார்கள். பல மாதம் சென்றது. இன்று பிள்ளை பள்ளிக்குப் போகிறது.

கீரை தின்று அவள் குணமானாள் என்று எழுத நமக்கு ஆசைதான். ஆனால் அது பொய்யாகும். மருந்தும், பேச்சும், உறக்கமும், சோறும், அண்ணன் போட்ட சத்தமும் சேர்ந்தே குணமாக்கின. கீரையை அவளுக்கு மறுத்தது எந்த நியாயத்தால் என்பதே நம் கேள்வி.

இத்தனை சொல்லிவிட்டு, நமக்குச் சோறு போடும் தேயிலையைப் பற்றிச் சொல்லாதிருந்தால் நன்றிகேடாகும். இம்மலையில் 1929-இல் ரஸ்ஸல் துரை போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து இச்சரிவுகளைத் திருத்தியதில் தமிழர் கைக்குப் பெரும்பங்கு உண்டு. காப்பியில் உள்ள காபீனை ஜெர்மானியர் ரூங்கே 1819-இல் பிரித்தெடுத்தார். தேயிலையில் இருப்பதும் அதே பொருள்தான் என்பது 1838-இல் தெளிவாயிற்று. தேயிலைக்கே சிறப்பாக உரிய தியானின் என்னும் பொருளை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் சகாத்தோ 1949-இல் கண்டார். அது வேரில் உண்டாகி இளந்தளிருக்கு ஏறுகிறது. வெயில் பட்டால் குறையும், நிழலில் தங்கும். காபீன் எழுப்பும்; தியானின் படபடப்பை அடக்கும் என்கிறார்கள். ஜப்பான், சீனம், சிங்கப்பூர் முதலிய இடங்களில் தேநீர் பழக்கமுள்ள முதியோரிடம் சோர்வு குறைவாகக் காணப்பட்டதாகவும் கணக்குகள் உண்டு. தேநீரால் சோர்வு குறைந்ததா, சோர்வில்லாதவர் கூடி உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்களா என்பது அக்கணக்குகளால் தீராது. தீர்ந்த விஷயம் ஒன்று உண்டு: சோற்றோடு தேநீர் குடித்தால் அதிலுள்ள துவர்ப்புச் சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பில் ஏறவொட்டாமல் கட்டிவிடும். இரத்தம் குறைந்த பெண்கள் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். தேயிலைத் தோட்டத்துக் கிராணி இதை எழுதுவதை முதலாளிகள் மன்னிப்பார்களாக.

மஞ்சளைப் பற்றியும் இப்போது பெரும் ஆரவாரம். அதன் நிறப்பொருளான குர்குமினை 1815-இலேயே பிரித்தெடுத்தார்கள். அது தனியே உடம்பில் ஏறுவது அரிது. மிளகிலுள்ள பைப்பரினைச் சேர்த்தால் பன்மடங்கு ஏறுகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் 1998-இல் கண்டனர். மிளகும் மஞ்சளும் கூட்டி அரைத்த நம் அம்மிக்கு அது ஒரு பெருமை. சோர்வு நோயாளிகளிடம் நடத்திய சோதனைகள் சிறியவை. நம்பிக்கை தருகின்றன, முடிவு சொல்லவில்லை. அதற்குள் அதைக் குப்பியில் அடைத்து, மனக்கவலை தீரும் என்று சீட்டு ஒட்டி, இருபது மடங்கு விலைக்கு விற்பவர்கள் முளைத்துவிட்டார்கள். தாயத்துக்கும் இந்தக் குப்பிக்கும் வித்தியாசம் மூடியில்தான். இயற்கை மூலிகை, தீங்கில்லை என்று சொல்வோருக்குச் சர்ப்பகந்தியின் கதையைச் சொல்ல வேண்டும். இந்திய வைத்தியர் போற்றிய அவ்வேரிலிருந்து 1952-இல் ரிசர்பினைப் பிரித்தார்கள். இரத்த அழுத்தம் தணிந்தது உண்மை. ஆனால் அதை உட்கொண்டவருட் சிலர் கொடிய மனச்சோர்வில் விழுந்ததாக வைத்தியர்கள் கண்டு எச்சரித்தனர். வேருக்கு மனத்தைத் தூக்கவும் தெரியும், தள்ளவும் தெரியும்.

தனிப் பொருளைத் தேடுவதை விட்டு முழு உணவையும் மாற்றிப் பார்த்தால் என்ன என்று ஆஸ்திரேலியாவில் பெலிஸ் ஜாக்கா என்னும் பெண்மணியும் அவர் குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நம் கவனத்துக்குரியது. 67 சோர்வு நோயாளிகள், 12 வாரம். ஒரு பாதியினருக்குக் காய், கனி, பருப்பு, தவிடு நீங்காத தானியம், மீன் என்று உண்ண வழிகாட்டினர். மறுபாதியினருக்கு அவ்வப்போது வந்து நட்பாகப் பேசும் துணை. முடிவில் உணவு மாற்றியவருள் நூற்றுக்கு 32 பேர் நோய் நீங்கினர்; துணை மட்டும் பெற்றவருள் 8 பேர். சிறிய சோதனைதான். பலர் ஏற்கெனவே மருந்தும் உட்கொண்டிருந்தார்கள். அதை எவரும் நிறுத்தச் சொல்லவில்லை. வள்ளுவர் 'மருந்து' என்று அதிகாரம் வகுத்து, அதில் பெரும்பகுதியை உண்ணும் அளவுக்கே ஒதுக்கியதை நினைத்தால் நமக்கு இது முற்றும் புதிதன்று.

இம்மலையில் விளையாத கீரையில்லை. விடியுமுன் லாரி லாரியாகக் கோஸும் கீரையும் தக்காளியும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்குகின்றன. அந்த லாரிகள் போகும் பாதையோரத்து வீடுகளில் பிள்ளைகள் காலையில் மைதா ரொட்டியையும் கெட்டிப்பால் தேநீரையும் விழுங்கிவிட்டுப் பள்ளிக்கு ஓடுகிறார்கள். கீரை விலை அதிகமென்று சொல்பவர் வீட்டில் பாக்கெட் மீ குறைவதில்லை. புறக்கடையில் ஒரு பாத்தி போட இடமில்லாதவரும் உண்டு. அது அவர்கள் குற்றமன்று.

தோட்டத்துக் கடையிலும் ஒரு மாறுதல். புழுங்கலரிசி மூட்டை நெடுங்காலம் கண்ணில் படவில்லை; நம்மவருக்கு வெள்ளை அரிசியே நாகரிகமாகிவிட்டது. இப்போது கொழுந்து பறிக்க வங்காள தேசத்திலிருந்து இளைஞர் பலர் வந்திருக்கிறார்கள். வீட்டை விட்டு வந்த ஏக்கம் அவர்கள் முகத்தில் எழுதியிருக்கிறது. நம் பாட்டன் முகத்திலும் இப்படித்தான் எழுதியிருந்திருக்கும். அவர்கள் கேட்கிறார்கள் என்று கடைக்காரர் மறுபடி புழுங்கலரிசி தருவிக்கிறார். சென்ற சம்பள நாளில் நாமும் ஐந்து கிலோ வாங்கி வந்தோம். என்ன வாசனை இது என்று நம் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள். பாட்டி மாத்திரம் ஒன்றும் சொல்லாமல் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கி உண்டார்.